லெப்ட்டில் சைக்கிள், எதிரே லாரி

என் மனைவி பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் இன்றைக்கும் வாய் மூட மாட்டாள். "லெப்ட்ல நாய். லெப்ட்ல ஆட்டோ நிக்குது. லெப்ட்ல பள்ளம்." இடது பக்கத்தை மட்டும்தான் சொல்வாள். வலது பக்கம் யானையே வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. இந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. கணவரோடு மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் பயம் வரும். பாசம் வருவது அதற்கு அப்புறம்தான். ஏனென்றால் என் மனைவி ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் அந்த அக்காவின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். அந்தக் காருக்கு ஹெட்லைட் மாட்டிக் கொடுத்தவன் நான்.

பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்குக் கார் சாமான் கடை. சீட் கவர், மேட், ஹாரன், பல்பு. அக்கா முதலில் வந்தது ஒரு மழைக்காலத்தில், லைட் போடும் நேரத்தில். வெள்ளைக் கார், கொஞ்சம் பழசு. டிரைவர் சீட்டில் கணவர். அக்கா மட்டும் இறங்கி வந்தார்.

"பாய், ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு வேணும். நல்ல வெளிச்சமா."

எங்கள் கடைக்கு வரும் பெண்கள் சீட் கவரில் நிறம் பார்ப்பார்கள். பல்பு என்றால் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அக்காவைத் தாண்டிக் காரைப் பார்த்தேன்.

"சாரைக் கூப்பிடுங்க மேடம், காட்டறேன்."

"எனக்கே காட்டுங்க. நான்தான் பாக்கணும்."

அன்றைக்கு இருப்பதிலேயே வெள்ளையானதை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். மழையில் அந்த வெள்ளை வெளிச்சத்தைத் தார் ரோடு குடித்துவிடுகிறதாம், ரோட்டில் ஒன்றும் தெரியவில்லையாம். உண்மைதான். ஈர ரோட்டில் பால் வெள்ளை எடுபடாது. கொஞ்சம் மஞ்சள் கலந்ததைக் கொடுத்தேன். மறுபடி வந்தார். வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரத்தில் அடிக்கிறது என்றார். அதுவும் உண்மைதான். பழைய பல்புக்காகச் செய்த விளக்கில் எல்இடியை மாட்டினால், உள்ளே இருக்கிற சிப் அந்தப் பழைய கம்பி இருந்த அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளி நின்றாலும் வெளிச்சம் மேலே சிதறி எதிரில் வருகிறவன் கண்ணைப் பறிக்கும். இதையெல்லாம் சொல்லி விற்பவனும் குறைவு, கேட்டு வாங்குபவனும் குறைவு. அக்கா கேட்டார்.

அதற்கப்புறம் அவர் பல்பு வாங்குவதே ஒரு காட்சியாகிவிட்டது. எதிரில் சாயங்காலமே மூடிவிடும் அரிசிக் கடை ஒன்று. காரை அதன் ஷட்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்வார். பல்பைப் போட்டதும் ஷட்டரில் விழும் வெளிச்சத்துக்கு மேல் விளிம்பு எங்கே என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இதுக்கு மேல ஏறினா எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும் பாய், பாவம்." அப்புறம் காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டுச் சந்து முனைவரை நடந்து போய், சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றுகொண்டு காரைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏங்க, இங்க நிக்கறேன். தெரியறேனா?"

"தெரியுது, தெரியுது," என்பார் சார் உள்ளிருந்து.

அவர் பார்த்துச் சொல்லவில்லை, குரலைக் கேட்டுத்தான் சொன்னார் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பதற்கே நேரம் போதவில்லை. என் கடை மெக்கானிக் குமாரு தூரத்தில் வெள்ளைக் காரைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"பாய், பல்பு அக்கா வந்துகினு கீது. இந்தத் தபா சூரியனையே கழட்டிக் குடுக்கச் சொல்லும் பாரு."

அக்காவுக்கு இன்னொரு பழக்கம். எதிரில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சார் அபூர்வமாகக் கடைக்குள் வரும்போது, "ஏங்க, ரெண்டு படி. ஏங்க, ஸ்டூல் கெடக்கு. ஏங்க, பாய் டீ குடுக்கறாரு." நான் நீட்டிய டீ கிளாஸைச் சார் வாங்க மாட்டார். அக்கா வாங்கி அவர் கையில் வைப்பார். பெரிய மகாராஜா, பெண்டாட்டி கை பட்டால்தான் டீ இறங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சொந்தக் கடையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் காட்டவா முடியும்?

குமாருதான் சாரைப் பற்றிச் சொன்னான். கரையான்சாவடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். குமாருவும் அவரிடம்தான் கற்றான்.

"சாராண்ட கத்துக்கினா வாயி சும்மா இருக்கக் கூடாது பாய். எதிர்ல இன்னா வருதோ சொல்லிக்கினே ஓட்டணும். மாடுன்னா மாடு, சைக்கிள்னா சைக்கிள். மெதுவா சொன்னாக்கூட வுட மாட்டாரு, சத்தமா சொல்லுன்னு மண்டைல ஒண்ணு போடுவாரு."

ஸ்கூலை ஏன் மூடினார் என்று கேட்டேன். பெரிய பெரிய ஸ்கூல்கள் வந்துவிட்டன, கூட்டமில்லை என்று சொன்னாராம். நாங்களும் நம்பினோம். அக்கா இப்படி எதிரில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பதை, சாரிடம் படித்த பாடத்தை ஒப்பிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாளே வந்து சொன்னாள், அவள் லைனுக்கு சூப்பர்வைசர் நம் பல்பு அக்காதான் என்று. எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி வேன் நின்றுபோனதும், அக்கா அவளையும் குமணன்சாவடியிலிருந்து வரும் செல்வி என்ற பெண்ணையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஷிப்ட் முடிந்ததும் சார் கேட்டில் காத்திருப்பார். அயனம்பாக்கம் வழியாக வானகரம் வந்து டிரங்க் ரோட்டைப் பிடித்தால் வீடு. எனக்கு நிம்மதி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் ஓட்டும் கார், இதைவிடப் பத்திரம் எது? இருந்த பல்பிலேயே நல்லதை என் கையாலேயே மாட்டி, ஷட்டரில் வைத்து மட்டம் பார்த்துக் கொடுத்தேன்.

அதற்கும் அக்கா திரும்பி வந்தார். அதே மாதிரி ஷட்டரைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொல்லி, "பத்தலை பாய்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் நல்ல பல்பு என் கடையில் மட்டுமில்லை, எந்தக் கடையிலும் இல்லை. நானே காருக்கு முன்னால் போய் நின்று, "சார், இறங்கி வந்து நீங்களே பாருங்க," என்று கொஞ்சம் கடுப்பாகவே கூப்பிட்டேன். அக்கா உள்ளே வேறு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் இறங்கினார். ஷட்டர் பட்டப்பகலாக எரிந்தது. நான் அவருக்குப் பக்கவாட்டில், வெளிச்சம் படாத இடத்தில் நின்றிருந்தேன்.

"எப்படி சார் இருக்கு?"

"டல்லாத்தான் இருக்கு."

கோபத்தை விழுங்கிக்கொண்டு, சமாதானமாகக் கை கொடுக்கலாம் என்று நீட்டினேன். அவர் முகத்துக்கு நேராக இல்லை, இடுப்பளவில் பக்கத்தில். ஒரு முழம் தூரம்கூட இருக்காது. அவர் கையை நீட்டவில்லை. திமிர் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண் என் கையைப் பார்த்து ஒதுக்கிய கண் இல்லை. கை இருப்பதே அதற்குத் தெரியவில்லை. நான் கையை மெதுவாக ஆட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஆட்டினேன். அவர் ஷட்டர் இருந்த பக்கமாகவே நின்றிருந்தார்.

டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. ரெண்டு படி, ஸ்டூல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாக என் மனைவி அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது வந்தது. உள்ளே ஓடினேன்.

"அக்கா, சாருக்குக் கண்ணு..."

அக்கா கையிலிருந்த பெட்டியை மூடினார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மெதுவா பேசுங்க பாய். மாலைக்கண் மாதிரி. நரம்பு வியாதியாம். பகல்ல நேர் எதிர்ல தெரியறதை வெச்சு சமாளிப்பாரு, காலடி தெரியாது. இருட்டினா நேர் எதிர்ல பளிச்சுனு இருக்கறது மட்டும் கொஞ்சம் தெரியும், சைடுல ஒண்ணும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. மருந்து கிடையாதுன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட பல்பு பல்புன்னு வர்றீங்க?"

"பல்பு சரியில்லைன்னு அவரு சொல்றாரு. சரி, மாத்தலாம்ங்கறேன். பல்பைக் குத்தம் சொல்ற வரைக்கும் அவரு கண்ணைக் குத்தம் சொல்ல வேண்டியதில்லையே. ஸ்கூலை மூடினப்பவே பாதி ஆளாயிட்டாரு பாய். வண்டியையும் புடுங்கினா மிச்சம் இருக்க மாட்டாரு."

"என் பொண்டாட்டி அந்த வண்டியிலதானே வர்றா!" என்று கத்திவிட்டேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் குற்ற உணர்வும் இல்லை, பயமும் இல்லை.

"அவளுக்குத் தெரியும் பாய். அவகிட்ட சொல்லித்தான் ஏத்திக்கிட்டேன்."

கடையை எப்படிச் சாத்தினேன், வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. என் மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"இன்னாத்துக்குக் கத்துறீங்க? ஆமா, தெரியும். நான் லெப்ட். செல்வி ரைட். எதிர்ல வர்றதை அக்கா பாத்துக்கும். மூணு பேரும் சொல்லிக்கிட்டே வருவோம், சார் ஓட்டுவாரு."

"உனக்கு உயிர் மேல ஆசை இல்லையா?"

"ஏறும்போது பிஸ்மில்லா சொல்லிக்கிட்டுத்தான் ஏறுவேன். அக்கா ஸ்தோத்திரம் சொல்லும், செல்வி முருகான்னும். உங்களாண்ட சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? வேலையை விடுன்னிருப்பீங்க. கார்ல இருந்து இறங்கிக்கோன்னு சொல்றது உங்களுக்கு சுலபம். எனக்கு மொத மொதலா ஒரு வேலை, அதுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வர ஒரு அக்கா."

நிக்காஹ் ஆன நாளிலிருந்து பல்லிக்குப் பயந்து கட்டிலில் ஏறி நிற்கும் பெண் இவள். இவளா?

நான் நம்பவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். மறுநாளே அம்பத்தூரில் சரக்கு எடுக்க வந்ததாக ஒரு பொய்யைச் சொல்லி, கம்பெனி கேட்டில் போய் நின்றேன். சார் சந்தோஷமாக, "வாங்க பாய், நம்ம வண்டியிலயே போயிடலாம்," என்றார். பின் சீட்டில் இடது ஜன்னலில் என் மனைவி, வலது ஜன்னலில் செல்வி, நடுவில் நான்.

தெருவிளக்கு இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வண்டி அருமையாகப் போனது. கியர் மாற்றுவதே தெரியாது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பியதும் இருட்டு. முன் சீட்டில் குரல் ஆரம்பித்தது. அதோடு பின்னால் இரண்டு குரல்.

"எதிர்ல பைக், தூரமாத்தான் இருக்கு. நேரா போங்க."

"லெப்ட்ல சைக்கிள்," என்றாள் என் மனைவி.

"ரைட்ல ஒண்ணுமில்ல," என்றாள் செல்வி.

நடுநடுவே மூவரும் தைத்த காலர் சரியில்லை என்று கம்பெனியில் திரும்பி வந்த கதையையும் பேசிக்கொண்டார்கள். அதே குரல், அதே ஏற்ற இறக்கம். சைக்கிளும் காலரும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போயிற்று.

எதிரே ஒரு கார் வந்தது. கண்ட பல்பை வாங்கி மாட்டியிருந்தான். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. சார் தாடையைத் தூக்கினார். "போச்சு," என்றார் மெதுவாக. அக்கா அவர் முழங்கையில் கை வைத்தார்.

"நேரா. நேரா. நேராவே. இப்போ கொஞ்சம் லெப்ட்."

கார் கடந்து போனது. எங்கள் கண்ணும் அந்த வெளிச்சத்தில் கூசிப்போயிருந்தது. அது தெளிவதற்குள் எதிரே ரோட்டிலேயே ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் இல்லாமல், செத்தது போல நின்றிருந்தது.

"நிறுத்துங்க!"

யார் கத்தினோம் என்று தெரியாது. நான்கு பேரும்தான். கார் கிறீச்சிட்டு நின்றது. நான் மாட்டிக் கொடுத்த பல்பின் வெளிச்சத்தில் லாரியின் பின்பலகையில் காய்ந்த சேறு விரிசல் விரிசலாகத் தெரிந்தது. சாருக்கு லாரியே தெரியவில்லை. "என்ன? என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யா அல்லாஹ், அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

என் மனைவியின் கை என் தொடையை இறுக்கியிருந்தது. அக்கா புடவைத் தலைப்பால் சாரின் நெற்றியைத் துடைத்தார். அப்புறம் ஒன்றுமே நடக்காத குரலில் சொன்னார்.

"பல்பு டல்லடிக்குதுங்க. நாளைக்கு பாய் கடையில மாத்திடலாம். இல்ல பாய்?"

திரும்பி என்னைப் பார்த்தார். வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"ஆமா சார்," என்றேன். "பல்புதான் சரியில்ல."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் சார் தனியாக வந்தார். சுவரை ஒட்டியே நடந்து வந்தார். படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினார். ஸ்டூலைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"அவ வருவா பாய். புதுசா எதுனா காட்டச் சொல்லுவா. இதுக்கு மேல பல்பே கிடையாதுன்னு சொல்லிடுங்க."

நான் விழித்தேன்.

"டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு பாய். காது நல்லாத்தான் இருக்கு. நான் ஓட்டறதை விட்டுட்டா அவ உடைஞ்சு போயிடுவாளோன்னு ஓட்டினேன். தினமும் பயம்தான். கட்டினவகிட்ட, எனக்கு பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. "மூணு பொம்பளைங்க சார்! நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தறேன்னு மூணு உயிரை வெச்சு விளையாடியிருக்கீங்க!" சந்தே திரும்பிப் பார்த்தது. சார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜையைத் தடவி வைத்தார்.

"நேத்து லாரி மேல மோதியிருந்தா, ஓட்டறவன் கை தானா ரைட்டுக்கு ஒடிக்கும், லெப்ட்ல உக்காந்திருக்கறவங்கதான் மொதல்ல போயிருப்பாங்க. அவளும் உங்க வீட்டம்மாவும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன்! இதை நீங்களே வெச்சிருங்க பாய்."

அன்று சாயங்காலம் அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கார் ஏன் வரவில்லை, சாவி எங்கே என்று சாரிடம் போனில் கேட்டிருப்பார் போலிருக்கிறது. வரும்போதே முகம் வெளுத்திருந்தது. நான் பாடம் பண்ணி வைத்ததைச் சொன்னேன்.

"இதுக்கு மேல பல்பு கிடையாதுக்கா."

மேஜை மேல் சாவி கிடந்தது. எதிரில் எது இருந்தாலும் நமக்கு முன்னால் சொல்லிவிடுகிற அக்கா, அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நின்றார்.

"அவரா குடுத்தாரு?"

"அவரேதான். தினமும் பயந்துக்கிட்டேதான் ஓட்டினாராம்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை.

"நானும்தான் பாய்," என்றார். "நானும்தான்."

அதற்குப் பிறகு என் மனைவியும் செல்வியும் அக்காவும் இரண்டு ஆட்டோ மாறி வந்தார்கள். மாதங்கள் போயின. பல்பு அக்கா வராததில் குமாருவுக்குத்தான் வருத்தம். பிறகு ஒரு நாள், இருட்டத் தொடங்கும் வேளையில், வெள்ளைக் கார் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சந்துக்குள் வந்தது. டிரைவர் சீட்டில் அக்கா. இடது பக்கம் சார், கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் சென்னீர்குப்பம் பக்கம் காலி மனையில் வைத்து அவரே கற்றுக்கொடுத்தாராம். லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது.

"இந்த எல்இடியைக் கழட்டிட்டுப் பழைய மஞ்சள் பல்பையே போட்டுடுங்க பாய்."

"ஏன்க்கா? வெளிச்சம் கம்மியா இருக்குமே."

"எனக்கு அதுலயே தெரியுது," என்றார்.

ஷட்டரில் கை வைத்துப் பார்க்கவில்லை. சந்து முனைக்கு நடக்கவும் இல்லை. குமாரு பல்பை மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன.

"எதிர்ல தள்ளுவண்டி. லெப்ட்ல பைக் நிக்குது. ரைட்ல ரெண்டு ஸ்கூல் பசங்க..."

குமாரு சிரித்தான். "ஓட்றதும் அதான், சொல்றதும் அதான். இன்னும் யாருக்கு பாய் சொல்லுது?"

கார் எங்களைக் கடந்தபோது சாரின் முகம் ஜன்னலில் தெரிந்தது. இருட்டைப் பார்த்துக்கொண்டு, காதை அக்கா பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"சத்தமா சொல்லு," என்றார் சார்.